ஏட்டு கையெழுத்துப் போடவில்லை

2022 மார்ச் 9

இன்று என்னைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டினேனாம். இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றிப் படுத்துவிடுகிறவள் நான். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்தால் இடது கன்னம் வலிக்கிறது.

வரிசையாக எழுதிவிடுகிறேன். நாளைக்குள் ஊரில் இது வேறு கதையாகிவிடும்.

மரகதவல்லி டீச்சருக்கு இன்று நாலாவது பாடம். கருங்கல்மேடு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை அவர். ரிட்டயர் ஆவதற்குள் ஒரு நாளாவது சொந்த வண்டியில் பள்ளிக்கூடத்து வாசலில் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. ஊரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லிக்கொடுப்பது நான் ஒருத்திதான். நன்றாகத்தான் ஓட்டுகிறார். எதிரே ஏதாவது வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார், அது ஒன்றுதான் குறை.

சந்தைப்பேட்டை ரோட்டில் போலீஸ் ஜீப் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. டீச்சர் கண்ணை மூடினார். பின்னால் உட்கார்ந்திருந்த நான் கையை நீட்டிப் பிரேக்கைப் பிடிப்பதற்குள் எங்கள் வண்டிக் கண்ணாடி ஜீப்பை உரசிவிட்டது. நகத்தால் கீறிய மாதிரி ஒரு கோடு விழுந்தது.

புது எஸ்.ஐ. மதனகோபால் ஜீப்பிலிருந்து இறங்கினார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

"எவடி ஓட்டச் சொல்லிக் குடுக்கறவ?"

"நானுங்க" என்றேன். அறைந்துவிட்டார்.

சந்தைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று நாளைக்குச் சொல்வார்கள். எஸ்.ஐ. வண்டிச் சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசிவிட்டு, "குடிச்சிருக்கறா, ஏத்துங்க" என்றார். டீச்சரை விட்டுவிட்டார்கள்.

ஸ்டேஷனில் கருவியை வைத்து ஊதச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகவில்லை. 'கண்கள் சிவந்து, நடை தள்ளாடி' என்று எழுதி வாசித்துக் காட்டினார்கள். வண்டி ஓட்டியதே நான்தான் என்றும் எழுதியிருந்தார்கள். ஓர் ஏட்டு டீ கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். நான் தொடவில்லை. பிறகு உள்ளே எஸ்.ஐ. யாரையோ வெகுநேரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் வந்து ஜாமீனில் கூட்டி வந்தான்.

அழுகை வரும் என்று காத்திருக்கிறேன். வரவில்லை.

மார்ச் 10

அண்ணி தோசைக்கு நடுவில் சொன்னாள்: "கோர்ட்டுல அபராதத்தக் கட்டிட்டு வந்துரு துளசிமணி. ரெண்டு மாசத்துல ஊரு மறந்துரும்."

"கட்டுனா குடிச்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமல்ல அண்ணி."

"ஒத்துக்கிட்டா என்ன, நெசமாவா குடிச்ச?"

இன்னொரு தோசை வாங்கிக்கொண்டேன்.

பாடத்துக்கு வர வேண்டிய பெண்களில் இன்று ஒருத்தியும் வரவில்லை.

மார்ச் 14

டி.எஸ்.பி. ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். முதன்முதலாக இரண்டு காலையும் தூக்கி வைத்து வண்டியை விட்ட அன்றைக்கு இப்படித்தான் இருந்தது. விழப்போகிறோம் என்று தெரியும். ஆனால் நிறுத்த மனம் வராது.

கீழே கரும்புச்சாறு குடித்தேன். அதையும் குடித்துவிட்டு ஓட்டினேன்.

மார்ச் 22

வக்கீல் ஆரோக்கியமேரியைப் போய்ப் பார்த்தேன். முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். நடுவில் ஓர் 'உச்' கூடக் கொட்டவில்லை. அதனாலேயே பிடித்துப்போயிற்று.

"டி.எஸ்.பி. விசாரிப்பாரு. ஆதாரம் இல்லைன்னு எழுதுவாரு. நாம மனித உரிமை ஆணையத்துக்கும் இப்பவே அனுப்பிடலாம். லேட்டாகும். தாங்குவீங்களா?"

"எனக்கு வேற வேலையே இல்லீங்க மேடம். பாடத்துக்கு ஆளு வரமாட்டீங்கறாங்க."

"சாட்சி?"

டீச்சரைச் சொன்னேன். டீச்சருக்கு அங்கிருந்தே போன் போட்டோம். "நான் கண்ண மூடிட்டனே அம்மிணி" என்று அவர் அழுதார். வக்கீல் முறுக்கைக் கீழே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 18

டி.எஸ்.பி. விசாரணை. ஸ்டேஷன்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். கதவு சரியாகச் சாத்தாது, வெளியே பெஞ்சில் எல்லாம் கேட்டது. எல்லாரும் ஒரே பாட்டு: நான் தள்ளாடினேன், எஸ்.ஐ. கையே ஓங்கவில்லை.

கடைசியாக அந்த டீ கொண்டுவந்த ஏட்டு போனார். பெயர் சென்னியப்பன் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

"அந்தம்மா குடிக்கலீங்கய்யா. எஸ்.ஐ. அடிச்சதப் பக்கத்துல நின்னு பாத்தேன். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க, அன்னிக்கே போடமாட்டேன்னு சொல்லிட்டனுங்க."

அவர் வெளியே வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைத் தாண்டிப் போனார். என் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

வக்கீலிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மூச்சு வாங்கியது. அவர் முதலில் சிரித்தார், பிறகு விரலை நீட்டினார்: "கேஸ் முடியற வரைக்கும் அந்த மனுசங்கிட்டப் பேசாதீங்க. போன் கூடாது. வீட்டுக்கு வரக் கூடாது. சாட்சியும் நீங்களும் கூட்டுன்னு சொல்லிருவாங்க."

நான் எதற்கு அவரிடம் பேசப்போகிறேன். போலீஸ்காரர்களையே எனக்குப் பிடிக்காது.

மே 3

டி.எஸ்.பி. அறிக்கை வந்துவிட்டது. ஆதாரம் இல்லையாம். ஏட்டு சொன்னதை 'தனிப்பட்ட விரோதம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஏட்டை மலைமேல் சோதனைச் சாவடிக்கு மாற்றிவிட்டார்கள்.

மே 11

புதிதாக ஒரு பாடம் தொடங்கியிருக்கிறேன். மலைப்பாதைப் பயிற்சி. கொண்டைஊசி வளைவு, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் விதம். தரையில் மட்டும் ஓட்டத் தெரிந்தால் போதும் என்று பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது தப்பு. இதை நான் எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும்.

மே 15

மரகதவல்லி டீச்சர்தான் முதல் மாணவி. சாட்சி சொல்லாத குற்ற உணர்ச்சியில் எந்தப் பாடமானாலும் சரி என்கிறார். ஏற்றத்தில் எதிரே லாரி வந்தது. கண்ணை மூடவில்லை. ஒன்றைத்தான் மூடினார். முன்னேற்றம்.

சாவடியில் தடுப்புக் கட்டையைப் போட்டு நிறுத்தினார்கள். அவர்தான் நின்றார். இளைத்திருக்கிறார்.

"எங்க போறீங்க?"

"மேலுக்குங்க."

"எதுக்கு?"

"கீழ வர்றதுக்கு."

இது பேச்சில் சேராது. டியூட்டியில் கேட்டார், பொதுஜனம் பதில் சொன்னது. கட்டையைத் தூக்கினார். இறங்கி வரும்போதும் அவரே தூக்கினார். டீச்சர் வழியெல்லாம் என்னவோ கேட்டுக்கொண்டே வந்தார். காற்றில் எனக்குக் கேட்கவில்லை.

ஜூலை 2

மலைப்பாதைப் பயிற்சிக்குக் கூட்டம் கூடிவிட்டது. ஊர்ப் பெண்களுக்கு மலை பார்க்க ஒரு சாக்கு. குடிகாரி என்று சொன்னவர்களின் மருமகள்களே பேர் கொடுத்திருக்கிறார்கள். வாரம் தவறாமல் போகிறோம். மேலே குளிர், மிளகாய் பஜ்ஜி, மேகம் வண்டிச் சக்கரத்தை நக்கிக்கொண்டு போகிறது. நான் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுகிறேனாம், பின்னால் உட்கார்ந்து வந்த பெண் புகார் சொன்னாள்.

சாவடியில் இன்று: "ஹெல்மெட் பக்கிள் சரியா மாட்டுங்க." அவ்வளவுதான்.

சரியாகத்தான் மாட்டியிருந்தேன்.

செப்டம்பர் 19

குடிபோதை வழக்குத் தள்ளுபடி. மாஜிஸ்திரேட் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஊதச் சொன்னீங்களா, ரத்தம் எடுத்தீங்களா?" அரசு வக்கீல் பேப்பரைப் புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

அண்ணி பாயசம் வைத்தாள். "நாந்தான் அபராதம் கட்டாதேன்னு சொன்னேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும்.

அக்டோபர் 22

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது எஸ்.ஐ. மதனகோபால் ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அண்ணி பயத்தில் காபியில் இரண்டு முறை சர்க்கரை போட்டுவிட்டாள்.

"அக்கா, அன்னிக்கு ஏதோ டென்சன். தெரியாம நடந்து போச்சு. ஆணையத்துல வாபஸ் வாங்கிக்கங்க. என் சர்வீஸே இப்பத்தான் ஆரம்பம்."

"மன்னிப்புக் கேக்கறீங்களா?"

"அதான் வீடு தேடி வந்திருக்கனே."

"அடிச்சது வீட்டுல இல்லீங்களே. சந்தைப்பேட்டையில சந்தையன்னிக்கு வந்து சொல்லுங்க. நாளைக்கே வாபஸ் வாங்கிக்கறேன்."

காபி டம்ளரை வைத்துவிட்டார். முகம் மாறியது, குரல் மட்டும் மாறவில்லை. "உங்களுக்காகப் பேசுனாரே ஒரு ஏட்டு. அவர் மேல சார்ஜ் மெமோ ரெடியாயிட்டிருக்கு. மலையோட போயிராது அக்கா, வேலையே போயிரும். யோசிங்க."

அவர் போனதும் அண்ணி ஸ்வீட் பெட்டியைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டாள். நான் யோசிக்கவில்லை என்று எழுத வேண்டும். எழுத முடியவில்லை.

அக்டோபர் 23

வக்கீல் சொன்னதை மீறிவிட்டேன். தனியாகத்தான் போனேன், மாணவி யாரும் இல்லாமல். சாவடியில் நிறுத்தினார்.

"சாட்சி சொன்னதுக்கு உங்க வேலையவே எடுத்துருவாங்களாமா. நான் வாபஸ் வாங்கீரட்டுங்களா?"

அவர் சாலையைப் பார்த்தார். பின்னால் பால் வண்டி ஹாரன் அடித்தது.

"வேண்டாமுங்க. பதினஞ்சு வருசமா எத்தனையோ பேப்பர்ல நீட்டுன எடத்துலயெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கறேன். ஒண்ணு போடாம உட்டேன். அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்குனனுங்க. அதக் கெடுத்துராதீங்க."

பால்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். கட்டை மேலே போனது. நான் கிளம்பாமல் நின்றேன்.

"போங்க, வழிய மறிக்கறீங்க" என்றார். சிரித்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். பற்கள் கொஞ்சம் கோணல்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். எதிரே யாருமே வரவில்லை.

2023 ஜூன் 15

கோயமுத்தூரில் ஆணையத்தின் முகாம் விசாரணை. இதை முழுவதும் எழுதியே ஆக வேண்டும். கை பரபரக்கிறது.

சாட்சிகளை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். முதலில் நான். நடந்ததைச் சொன்னேன். பிறகு எஸ்.ஐ.யின் வக்கீல் எழுந்தார். எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:

"ஏட்டு சென்னியப்பன் இருக்கற சாவடிக்கு நீங்க அடிக்கடி போறீங்கதானே?"

"ஆமாங்க. மலைப்பாதைப் பயிற்சி."

"மாவட்டத்துல வேற மலையே இல்லையா?"

ஆரோக்கியமேரி மேடம் எழுந்து ஆட்சேபம் சொன்னார். பெரியவர், "பதில் சொல்லட்டும்" என்றார்.

"அந்த சாட்சிக்கும் உங்களுக்கும் என்ன உறவு? உண்மையைச் சொல்றதா சத்தியம் பண்ணியிருக்கீங்க."

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். சாவடியில் நின்று பேசிய நாலு வார்த்தைக்கு மேல் பழகியதில்லை, கைபட்டதில்லை, அது உண்மைதான். ஆனால் பொய் எழுதினார்கள் என்று சொல்லத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்துகொண்டு பாதி உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு அவரப் புடிக்குமுங்க" என்றேன். "அவர் டி.எஸ்.பி. ஆபீஸ்ல உண்மையச் சொன்னதுக்கு அப்பறந்தான் புடிச்சுது. அதுக்கு முன்னாடி அவர் பேருகூட எனக்குத் தெரியாதுங்க."

டைப் அடிக்கிறவர் நிறுத்திவிட்டார். ஆரோக்கியமேரி மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. வெளியதான் உக்காந்திருக்கறாரு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசு ஒன்றும் இல்லை.

அடுத்தது டீச்சர். தானாக வந்து பேர் கொடுத்திருந்தார், எனக்கே தெரியாது. கண்ணை மூடியிருந்ததை மறைக்கவில்லை.

"அப்ப அடிச்சதை எப்படிப் பாத்தீங்க?" என்றார் வக்கீல்.

"பாக்கலீங்க, கேட்டேன். முப்பது வருசமா வாத்தியார் வேலைங்க. நாங்களும் அடிச்சிருக்கறோம். கன்னத்துல கை விழற சத்தம் எனக்குத் தெரியுமுங்க. கண்ணத் தொறந்தப்ப இந்தப் புள்ள கன்னத்துல நாலு வெரலும் அப்படியே இருந்துது."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியாக அவரைக் கூப்பிட்டார்கள். டி.எஸ்.பி.யிடம் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னார். வக்கீல் தெம்பாக எழுந்தார். என் பதிலோடு இவர் பதில் முட்டும் என்று காத்திருந்தார்.

"அந்தம்மாவுக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

"ஒண்ணும் இல்லீங்க." நான் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எம்பக்கத்துல இருந்து கேக்கறீங்கன்னா, மலைக்குப் போன பொறகு வண்டிச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு நிக்கறனுங்க. அது அவங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லீங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். டீச்சர்தான். பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "கையெழுத்துப் போட மறுத்தது எப்போ?"

"அன்னிக்கு மத்தியானமேங்க. அதுக்கு முன்னாடி இவங்க பேருகூடத் தெரியாது. கையெழுத்துக்கு நீட்டுன பேப்பர்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"எழுதிக்கோங்க" என்றார் பெரியவர், டைப் அடிக்கிறவரிடம்.

வெளியே வராந்தாவில் அவரும் நானும் எதிரெதிரே நின்றோம். கேஸ் முடியவில்லை, பேசக் கூடாது. ஆரோக்கியமேரி மேடம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கைப்பையை வைத்துக்கொண்டு நின்றார். ஏட்டின் காது சிவந்திருந்தது. எனக்கு எது எது சிவந்திருந்ததோ தெரியவில்லை. ஊருக்குத் திரும்பும்போது தவறான பஸ்ஸில் ஏறிப் பொள்ளாச்சி போய்விட்டேன்.

ஜூன் 16

டீச்சர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 12

உத்தரவு வந்துவிட்டது. என் புகார் நிரூபணமாகிவிட்டது. எனக்கு அரசு நஷ்டஈடு கொடுத்துவிட்டு அதை எஸ்.ஐ. சம்பளத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்மேல் துறை நடவடிக்கை. உண்மை சொன்ன ஏட்டு மேல் எடுத்த நடவடிக்கையைக் கைவிட வேண்டும் என்றும் ஒரு பத்தி. அந்தப் பத்தியை நின்றுகொண்டு படித்தேன், உட்கார்ந்து படித்தேன், அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

மதனகோபாலை வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார்களாம், இன்க்ரிமென்ட் நிறுத்தமாம். அவ்வளவுதானா என்று அண்ணன் கேட்டான். அவ்வளவுதான். அந்த வேறு ஊரிலும் பெண்கள் வண்டி ஓட்டுவார்கள். அங்கே இருக்கிற யாருக்காவது வேண்டுமென்றால் என் உத்தரவின் நகல் தருகிறேன்.

மற்றபடி இன்று நான் நடக்கவே இல்லை, மிதந்தேன். சந்தைப்பேட்டை ரோட்டில் வேலையில்லாமல் மூன்று முறை போய் வந்தேன்.

அக்டோபர் 20

அவர் வேட்டி சட்டையில் வீட்டுக்கு வந்தார். சீருடை இல்லாமல் பார்த்தால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறுகிறவர் மாதிரி இருக்கிறார். அண்ணன் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டான். அண்ணி கேட்கக் கூடாததையும் கேட்டாள். நாற்பத்து மூன்று வயதாகிறது, பெண் அமையவில்லை என்றார். எனக்கு முதல் கல்யாணம் முறிந்தது அவருக்குத் தெரியும். பிறகு எங்களைத் தனியாக விட்டார்கள்.

ஒன்றரை வருடமாகக் கேட்காமல் தள்ளித் தள்ளிப் போட்ட கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. மலையேறும்போதெல்லாம் அது பின் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தது. கேட்டால் எல்லாம் கெட்டுப்போகும் என்று தெரிந்தே கேட்டேன்.

"நீங்க யாரயாவது அடிச்சிருக்கறீங்களா?"

பொய் சொல்லுவார் என்று ஒரு நொடி வேண்டிக்கொண்டேன்.

"அடிச்சிருக்கறனுங்க. வேலைக்குச் சேந்த புதுசுல. தறி ஓட்டறவரு, பேரு பழனியப்பன். சைக்கிள் திருடுனாருன்னு கூட்டியாந்தாங்க. இன்ஸ்பெக்டர் அடிறான்னாரு, அடிச்சேன். அவரு திருடலைன்னு மறுநாள் தெரிஞ்சுது. போங்கன்னு அனுப்பிட்டோம்."

"அவருகிட்டப் போய்ச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"எங்க இருக்கறாருன்னு தெரியுங்களா?"

"தெரியுமுங்க. அந்தத் தெருவுல நான் போறதில்ல."

ஜன்னல் பக்கம் அண்ணியின் மூச்சு கேட்டது. நான் சொன்னேன்: "எனக்கு நடந்ததுக்கு நான் கோயமுத்தூர் வரைக்கும் போனனுங்க. அவரு எங்கயும் போகல. நீங்க அங்க போயிட்டு வாங்க. அதுக்கப்பறம் என்னக் கேளுங்க."

அவர் எழுந்து போனார். அண்ணி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "இருக்கற ஒண்ணயும் வெரட்டி உட்டுட்டியே."

அக்டோபர் 24

வரவில்லை.

அக்டோபர் 26

பாடம் எடுத்தேன். மூன்று பெண்கள். ஒருத்தி பிரேக்குக்குப் பதில் ஹாரனைப் பிடிக்கிறாள்.

அக்டோபர் 29

பயிற்சி மைதானத்துக்கே வந்தார். நடந்து வந்தார். சட்டை முழுக்கப் பஞ்சுத் தூசி. பெண்கள் வண்டியை அப்படி அப்படியே நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"போயிட்டு வந்தீங்களா?"

"போனனுங்க. தறிக் கூடத்துல இருந்தாரு. மொதல்ல என்னைத் தெரியல. சொன்னதும் தெரிஞ்சுது. தறிய நிறுத்திட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"திட்டுனாருங்க."

"நெறையா?"

"நெறையா. கூட வேலை செய்யறவங்க எல்லாம் வந்து நின்னாங்க. அன்னிக்கு வீட்டுக்குப் போனா அவங்க சம்சாரம் திருடனான்னு கேட்டாங்களாம். அதச் சொல்லிச் சொல்லித் திட்டுனாரு. எங்க அம்மாவத் திட்டுனாரு, என்னைப் பெத்ததுக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. நின்னனுங்க."

"எது வரைக்கும்?"

"அவரு முடிக்கற வரைக்கும். முடிச்சிட்டுத் தறியப் போட்டுட்டாரு. மன்னிச்சேன்னு சொல்லல. நானும் கேக்கல. வந்துட்டேன்."

ஒரு போலீஸ்காரர், பத்துப் பேர் பார்க்க, ஒருவர் திட்டத் திட்ட, திருப்பி ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டு வந்திருக்கிறார். இந்த ஊரில் இதற்கு முன் இது நடந்திருக்காது. இனி நடக்குமா என்றும் தெரியாது. நான் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன்.

"இப்பக் கேக்கட்டுங்களா?" என்றார்.

"கேளுங்க."

கேட்டார். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்ததில் நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.